அட்டப்பாடியும் அரிவாள் அணுவும்

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரி மலையின் தென்புறத்தில், அட்டப்பாடி என்றொரு மலைநாடு இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டி வழியாகவும் அங்கே போகலாம். மேற்கே மண்ணார்க்காட்டிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை வழியாகவும் போகலாம். பவானி ஆறு நீலகிரிப் பக்கத்திலிருந்து இறங்கி, அட்டப்பாடியின் ஊடே பாய்ந்து, மீண்டும் கிழக்கு முகமாகத் திரும்பித் தமிழ்நாட்டுக்குள் புகுகிறது. கேரள நாட்டு ஆறுகளுள் கிழக்கு நோக்கி ஓடுபவை மூன்றே. வயநாட்டுக் கபினி ஒன்று. இடுக்கி மாவட்டத்தில் மறையூர்ப் பக்கத்துப் பாம்பாறு ஒன்று. மூன்றாவது இந்தப் பவானி. கோவை நகரத்தார் வாயாரப் புகழ்ந்து பருகும் சிறுவாணித் தண்ணீரும் இவ்வெல்லைப்புறத்துக் காடுகளிலிருந்து வருவதே.

இம்மலைநாட்டின் பழைய குடிமக்கள் இருளர், முடுகர், குறும்பர் என்னும் மூன்று வகுப்பினர். இவர்கள் ‘ஊர்’ என்று வழங்கும் சிறு குடியிருப்புகளில் வாழ்கின்றனர். ஊருக்குத் தலைவன் மூப்பன். கேழ்வரகும் சாமையும் இவர்களுடைய பழைய உணவு. இருளர் பேசும் மொழி தமிழுக்கு மிக நெருங்கிய உறவுடையது என்பதை, அவர்கள் பேசக் கேட்ட எந்தத் தமிழரும் உடனே உணர்வர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமையும் வரையில் பாலக்காடும் அட்டப்பாடியும் மலபார் மாவட்டத்தோடு சேர்ந்து சென்னை மாநிலத்துக்கே உரியனவாய் இருந்தன. அதன் பின்னரே ஆனைகட்டியில் எல்லைக் கோடு விழுந்தது. ஆற்றுக்கும் காட்டுக்கும் மக்களின் உறவுமுறைகளுக்கும் அக்கோடு தெரியாது. நாம் இங்கே சொல்லப் புகும் நோய்க்கும் அது தெரியாது.

அந்நோய்க்கு அரிவாள் அணுச் சோகை என்று பெயர். அதன் வரலாறு சிகாகோ நகரத்து மருத்துவமனை ஒன்றில் தொடங்கி, கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக்கூடத்தைத் தொட்டு, நம் மலைநாட்டுக் குடிசை வாசலுக்கு வந்து சேர்கிறது. ஓர் உயிரணுவின் உள்ளே மிக நுண்ணிய உறுப்புகள் எவ்வாறு ஒரு பெரும் மூலக்கூறை உருவாக்குகின்றன, அவ்வேலையில் ஓர் எழுத்து மாறினால் என்ன விளைகிறது என்பதை உலகம் முதன்முதலில் தெரிந்துகொண்டது இந்நோயின் வாயிலாகத்தான். ஆதலால் அந்த விஞ்ஞானத்தையும் விரிவாகவே கூறுவோம். நாம் கலைப்பட்டம் பெற்றவர், விஞ்ஞானி அல்லோம். அலுவலகத்தில் பிறர் எழுதியதைத் தமிழாக்குவது நம் தொழில். ஆயினும் இவ்விஷயத்தில் நமக்கும் ஒரு தொழில் உறவு உண்டு என்பதைப் பின்னர்க் காண்போம்.

1904-ஆம் ஆண்டின் இறுதியில், மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான கிரெனடாவிலிருந்து பல் மருத்துவம் பயில வந்த வால்டர் கிளெமெண்ட் நோயல் என்னும் இளைஞர் சிகாகோ மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். அவருடைய இரத்தத்தை நுண்பெருக்கியின் கீழ் நோக்கியபோது, வட்டமாக இருக்கவேண்டிய சிவப்பணுக்கள் பல, நீண்டு வளைந்து அரிவாள் போலக் காட்சியளித்தன. ஜேம்ஸ் ஹெரிக் என்னும் மருத்துவர் இதனை 1910-இல் வெளியிட்டார். அதன் பிறகு நாற்பது ஆண்டுக் காலம், இது ஆப்பிரிக்க வழியினருக்கே உரிய நோய் என்று மருத்துவ நூல்கள் கூறிவந்தன.

அந்தக் கருத்து நம் நீலகிரியில் உடைந்தது. 1952-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்னும் இருவர் எழுதிய சிறு கட்டுரை ஒன்று வெளிவந்தது. தென்னிந்தியாவில் அரிவாள் அணுப் பண்பு காணப்படுகிறது என்பது அதன் செய்தி. நீலகிரிப் பகுதியைச் சேர்ந்த இருளர், குறும்பர், பணியர் முதலியோரின் இரத்தத்தை ஆராய்ந்து அவர்கள் இம்முடிவுக்கு வந்தனர். சோதனை எளியது. ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் இட்டு, அதிலுள்ள பிராணவாயுவைப் போக்கும் இரசாயனப் பொருளைச் சேர்த்து மூடிவைத்தால், பண்புடைய அணுக்கள் சிறிது நேரத்தில் வளைந்துவிடும். அதே 1952-இல், அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையேயும் இந்நோய் இருப்பதாக வேறு இருவர் எழுதினர். அத்தொழிலாளர்கள் பிழைப்புக்காக வெளி மாகாணங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள். மூணாற்றுத் தேயிலை மலைக்கு நம்மவர் ஏறிய கதையை அறிந்தவர்களுக்கு, அஸ்ஸாம் செய்தியை விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

சிவப்பணு ஏன் வளைகிறது? இதனை அறிய, அது பிறக்கும் இடத்துக்குச் செல்லவேண்டும்.

சிவப்பணு பிறக்கும் இடம் எலும்பு மஜ்ஜை. அங்கே நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் உருவாகின்றன. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நிரம்பியுள்ளன. நுரையீரலில் பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு உடலெங்கும் இறக்கிவைப்பது இந்த ஹீமோகுளோபினே. இது ஒரு பெருமூலக்கூறு. நான்கு புரதச் சங்கிலிகள் இணைந்தது. ஆல்பா என்னும் வகையில் இரண்டு, பீட்டா என்னும் வகையில் இரண்டு. ஆல்பாச் சங்கிலியில் 141 அமினோ அமிலங்களும், பீட்டாச் சங்கிலியில் 146 அமினோ அமிலங்களும் மணிகள் போலக் கோக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு சங்கிலியும் தன் மடிப்பினுள்ளே ஹீம் என்னும் சிறு தட்டையும், அதன் நடுவே ஓர் இரும்பணுவையும் ஏந்தி நிற்கிறது. இரத்தத்தின் சிவப்பு இந்த ஹீமின் சிவப்புத்தான்.

இத்தகைய பொருளை ஓர் உயிரணு ஓரிடத்தில் இருந்து செய்துவிடுவதில்லை. வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. மூல ஓலை உட்கருவில் இருக்கிறது. டி.என்.ஏ. என்னும் அந்த ஓலை உட்கருவை விட்டு வெளியே வருவதே இல்லை. பழைய மடங்களில் மூலச் சுவடியை வெளியே தரமாட்டார்கள் அல்லவா, அதுபோல. வேண்டிய பகுதிக்கு மட்டும் ஆர்.என்.ஏ. என்னும் நகல் ஒன்று எடுக்கப்படுகிறது. அந்த நகலில் வேண்டாத இடைப்பகுதிகளும் சேர்ந்தே வரும். பீட்டாச் சங்கிலிக்கான நகலில் அத்தகைய இடைப்பகுதிகள் இரண்டு உண்டு. உட்கருவுக்குள்ளேயே அவை வெட்டி எறியப்பட்டு, முனைகள் ஒட்டப்படுகின்றன. செப்பம் செய்யப்பட்ட நகலே உட்கருவின் உறையிலுள்ள துளைகளின் வழியே வெளியே அனுப்பப்படுகிறது. அதற்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர்.

வெளியே ரைபோசோம்கள் என்னும் துகள்கள் காத்திருக்கின்றன. நியூயார்க் ராக்கஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் ஜார்ஜ் பலாடே என்னும் ருமானியர் இவற்றை மின்னணு நுண்பெருக்கியில் கண்டு 1955-இல் விவரித்தார். ரைபோசோம் தூது ஆர்.என்.ஏ.யின் ஒரு முனையைப் பற்றி, மூன்று மூன்று எழுத்தாகப் படித்துச் செல்கிறது. ஒவ்வொரு மூவெழுத்துக்கும் ஓர் அமினோ அமிலம். நான்கே எழுத்துகளால் ஆன ஒரு மொழியிலிருந்து, இருபது அமினோ அமிலங்களால் ஆன வேறொரு மொழிக்குச் செய்தி மாறுகிறது. விஞ்ஞானிகள் இச்செயலுக்கு இட்ட பெயர் மொழிபெயர்ப்பு! நமக்கும் இவ்விஷயத்துக்கும் தொழில் உறவு உண்டு என்றோமே, அது இதுதான். ஒன்று மட்டும் சொல்லவேண்டும்: மூலத்தில் எழுதியிருப்பது சரியா தவறா என்று ரைபோசோம் ஆராய்வதில்லை. ஓலையில் உள்ளதை உள்ளபடியே பெயர்த்துவிடுகிறது.

ரைபோசோம் வேலை செய்யும் முறையை விஞ்ஞானிகள் கற்றதற்கும் ஹீமோகுளோபினே பெரிதும் துணை செய்தது. முயலின் இளம் சிவப்பணுக்கள் வேறெதையும் அதிகம் செய்யாமல் ஹீமோகுளோபினையே செய்துகொண்டிருப்பவை. ஆராய்ச்சிக்கு அவற்றைவிட வாய்ப்பான பொருள் கிடைப்பதரிது. ஹோவர்ட் டிண்ட்ஸிஸ் என்பவர் 1961-இல், சங்கிலி ஒரு நுனியில் தொடங்கி மறுநுனி வரை வரிசையாகவே கோக்கப்படுகிறது என்பதை முயலின் அணுக்களைக் கொண்டு நிறுவினார். அடுத்த ஈராண்டுக்குள் அலெக்ஸாண்டர் ரிச் என்பவரின் குழுவினர், ஒரே தூது ஆர்.என்.ஏ. மீது பெரும்பாலும் ஐந்து ரைபோசோம்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து செல்வதை மின்னணு நுண்பெருக்கியில் படம் பிடித்தனர். ஒரே ஓலையை ஐந்து பேர் வரிசையாக நின்று படிப்பது போல! ரைபோசோமின் அமைப்பை அணு அணுவாக வரைந்து காட்டி 2009-இல் நோபல் பரிசில் பங்கு பெற்ற வெங்கடராமன் இராமகிருஷ்ணன், லேமனின் நீலகிரிக் கட்டுரை வெளிவந்த அதே 1952-இல் சிதம்பரத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோருடன் பரோடாவுக்குக் குடிபெயர்ந்து அங்கே வளர்ந்து படித்தவர். வெளி மாநிலத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இச்செய்தி இனிக்கும்.

புரதச் சங்கிலி ஒருபுறம் இவ்வாறு உருவாகும்போதே, ஹீம் மறுபுறம் உருவாகவேண்டும். அது மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்பின் பொறுப்பு. உணவிலிருந்து ஆற்றலைப் பிரித்துத் தருவதே மைட்டோகாண்டிரியாவின் தொழில் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். ஹீமின் முதற் படியும் கடைசிப் படியும் அங்கேதான் நிகழ்கின்றன. கிளைசீன் என்னும் எளிய அமினோ அமிலத்தில் தொடங்கி, பாதி வேலை முடிந்த பொருள் வெளியே அனுப்பப்பட்டு, அங்கே சில படிகள் கடந்து, திரும்ப உள்ளே வந்து, கடைசியாக இரும்பைப் பெறுகிறது. கிளைசீனே இதற்கு மூலப்பொருள் என்பதைக் கண்டவர் டேவிட் ஷெமின். 1945-இல் அவர், கனமான நைட்ரஜனால் அடையாளமிட்ட கிளைசீனை 66 கிராம் தயாரித்து, மணிக்கு ஒரு கிராமாகத் தாமே உண்டார்! பிறகு மாதக்கணக்கில் தம் இரத்தத்தைத் தாமே எடுத்துச் சோதித்தார். அடையாளம் ஹீமில் வந்து நின்றது. அது எத்தனை நாள் அங்கே நின்றது என்பதைக் கொண்டு, சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 127 நாள் என்றும் கணக்கிட்டார். பிறரை ஊசியால் குத்துவதற்கு முன் தம்மையே குத்திக்கொண்ட இத்தகைய ஆராய்ச்சியாளரிடம் நமக்குத் தனி மதிப்பு உண்டு.

உயிரணுவில் கோல்கி உறுப்பு என்று வேறொன்றும் இருக்கிறது. இத்தாலியராகிய கமிலோ கோல்கி 1898-இல் ஆந்தையின் மூளை அணுக்களில் அதனைக் கண்டார். இன்சுலின் போல அணுவுக்கு வெளியே அனுப்பப்படும் புரதங்கள் அங்கே சென்று, சர்க்கரைகள் சேர்க்கப்பெற்றும் தரம் பிரிக்கப்பெற்றும் கட்டி அனுப்பப்படுகின்றன. ஹீமோகுளோபினோ அணுவுக்குள்ளேயே தங்குவது. ஆகையால் அதற்கு அந்தப் பயணம் இல்லை. சங்கிலியின் தலையிலுள்ள முதல் அமினோ அமிலம் நறுக்கப்படுகிறது, சங்கிலி மடிகிறது, ஹீம் உள்ளே பொருந்துகிறது, ஆல்பாவும் பீட்டாவும் கைகோக்கின்றன. ஒரு புரதச் சங்கிலி எவ்வெக் கோணங்களில் மடங்க இயலும், எவற்றில் இயலாது என்பதை 1963-இல் ஒரு படமாக வரைந்து உலகுக்குத் தந்தவர், எர்ணாகுளத்தில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரன். அவர் பெயராலேயே இன்றும் அப்படம் வழங்குகிறது.

இனி வியப்பான ஒரு செய்தி. வேலை முடிந்ததும் இளம் சிவப்பணு தன் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. ஓரிரு நாளில் ரைபோசோம்களும் மைட்டோகாண்டிரியாவும் அழிக்கப்படுகின்றன. பட்டறை, உலை, ஓலை யாவும் போய், ஹீமோகுளோபின் நிறைந்த பை ஒன்றே எஞ்சுகிறது. அந்தப் பை குறுகிய நுண்குழாய்களில் நெளிந்து வளைந்து 120 நாள் அளவு ஓடவேண்டும். புதிதாக எதையும் செய்துகொள்ள அதற்கு வழியில்லை. உள்ளே இருப்பது பிழையான சரக்கு என்றால் அந்தப் பிழையோடுதான் அதன் வாழ்வு.

அந்தப் பிழை எது என்பதைக் கண்ட கதை 1949-இல் தொடங்குகிறது. அமெரிக்காவில் லைனஸ் பாலிங், ஹார்வி இட்டானோ முதலியோர், நோயாளியின் ஹீமோகுளோபினும் நலமுடையவரின் ஹீமோகுளோபினும் மின்புலத்தில் வெவ்வேறு வேகத்தில் நகர்வதைக் கண்டனர். பண்பை மட்டும் சுமக்கும் பெற்றோரின் இரத்தத்தில் இரண்டும் கலந்திருந்தன. நோய் என்பது உறுப்பில் இருக்கலாம், அணுவில் இருக்கலாம். ஒரு மூலக்கூறிலும் இருக்கலாம் என்று அவர்கள் துணிந்து கூறினர். மருத்துவ வரலாற்றில் ‘மூலக்கூறு நோய்’ என்னும் சொல் அப்போது பிறந்தது.

மூலக்கூறில் எந்த இடம்? அதற்கு விடை கேம்பிரிட்ஜில் கிடைத்தது. வெர்னான் இங்கிராம் என்னும் இளைஞர், இரு வகை ஹீமோகுளோபினையும் டிரிப்சின் என்னும் நொதியால் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஈரத் தாளின் மீது இட்டு, ஒரு திசையில் மின்சாரத்தாலும் குறுக்குத் திசையில் கரைப்பானாலும் பரப்பினார். கைரேகை போல் தாளில் ஏறத்தாழ முப்பது புள்ளிகள் விழுந்தன. இரண்டு தாள்களையும் ஒப்பிட்டபோது ஒரே ஒரு புள்ளி இடம் மாறியிருந்தது! இது 1956 அக்டோபரில் அச்சேறியது. அட்டப்பாடி சென்னை மாநிலத்தை விட்டுப் பிரிவதற்குச் சில வாரங்களே இருந்தன. மறு ஆண்டு அவர் முழு விடையையும் தந்தார். பீட்டாச் சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்கவேண்டும்; நோயாளியிடம் அங்கே வாலின் இருக்கிறது. மற்ற 145 இடங்களும் சரியாகவே உள்ளன. மூல ஓலையில் ஜி-ஏ-ஜி என்று இருக்கவேண்டிய மூவெழுத்தின் நடுவெழுத்து மாறி ஜி-டி-ஜி என்று ஆகியிருப்பதே இதற்குக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இங்கே ஒன்றைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. இவ்வரலாற்றில் வருவோர் பலரும் ஊர் விட்டு வந்தவர்கள், அல்லது ஊரில் இடம் மறுக்கப்பட்டவர்கள். இங்கிராம் பிரெஸ்லாவிலிருந்து ஓடிவந்த குடும்பத்தவர். அவருக்கு இடம் தந்த ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவரும், ஹீமோகுளோபினின் முப்பரிமாண உருவை வரைந்தவருமான மாக்ஸ் பெரூட்ஸ் வியன்னா நகரத்தவர். நீலகிரி இரத்தத்தை ஆராய்ந்த லேமன், ஜெர்மனியை விட்டு இங்கிலாந்து புகுந்து, போர்க்காலத்தில் இராணுவ மருத்துவராக இந்தியாவிலும் பணியாற்றியவர். இட்டானோ ஜப்பானிய வழியினர் என்பதற்காக அமெரிக்க அரசால் முகாமில் அடைக்கப்பட்டவர். பல்கலைக்கழகத்தில் முதல் மாணவராகத் தேறிய அந்த ஆண்டில்தான் அது நிகழ்ந்தது.

ஒரு வாலின் என்ன செய்துவிடும் என்று நேயர்கள் கேட்கலாம். பிராணவாயுவைச் சுமந்திருக்கும்போது ஒன்றும் செய்வதில்லை. அதனை இறக்கிவைத்த பின்னர் ஹீமோகுளோபினின் உரு சற்று மாறுகிறது. அப்போது ஒரு மூலக்கூறின் வாலின், பக்கத்து மூலக்கூறின் பள்ளம் ஒன்றில் போய்ப் பொருந்திக்கொள்கிறது. அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் மற்றொன்று எனத் தொடர்ந்து நீண்ட இழைகள் உருவாகின்றன. பதினான்கு புரி சேர்ந்த கயிறு போன்ற இவ்விழைகள் அணுவை உள்ளிருந்து குத்தி நீட்டி வளைக்கின்றன. நுரையீரலுக்குத் திரும்பியதும் இழைகள் கரைந்து அணு மறுபடி வட்டமாகும். பலமுறை இவ்வாறு நிகழ்ந்தபின் அது திரும்பாது. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்கின்றன. எலும்பிலும் மூட்டிலும் பொறுக்கவொண்ணாத வலி எழுகிறது. கைக்குழந்தைகளுக்குக் கை கால்கள் வீங்குகின்றன. மண்ணீரல் கெடுகிறது, கெட்டதும் சாதாரணக் கிருமிகூட உயிர்க்கொல்லியாகிறது. 120 நாள் வாழவேண்டிய அணு 10 முதல் 20 நாளில் மடிவதால் சோகையும் மஞ்சளும் தொடர்கின்றன.

இத்தனை தீங்கு செய்யும் எழுத்துப்பிழை பல தலைமுறையாக மறையாமல் நிற்பானேன்? 1954-இல் ஆந்தனி அல்லிசன் கிழக்காப்பிரிக்காவில் ஆராய்ந்து கூறிய விடை, உயிரியலின் மிகப் புகழ்பெற்ற விடைகளுள் ஒன்று. தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ பிழையான ஓலை ஒன்றை மட்டும் பெற்ற குழந்தை, கொடிய மலேரியாவுக்கு எளிதில் பலியாவதில்லை. இரண்டு ஓலையும் பிழையாகப் பெற்ற குழந்தைக்கே நோய். மலேரியாக் காடுகளில் ஒரு பிழை காவலாகவும் இரு பிழை எமனாகவும் நின்றது. ஆப்பிரிக்கா, கிரேக்கம், கிழக்கு அரேபியச் சோலைகள், நம் நாட்டில் ஒடிசா, சத்தீஸ்கர், விதர்ப்பம், குஜராத், வயநாடு, நீலகிரி, அட்டப்பாடி என்று இப்பண்பு பரவிய இடங்களைக் கணக்கிட்டால், பெரும்பாலும் மலேரியா பரவிய இடங்களாகவே இருக்கும்.

இனி, நம்மை உறுத்தும் பகுதிக்கு வருவோம். 1952-இல் நீலகிரிப் பழங்குடிகளின் இரத்தத்தில் இப்பண்பு இருப்பது உலகறிய அச்சாயிற்று. அந்நாளைய ஆராய்ச்சியின் நாட்டமெல்லாம், எந்தக் குடி எந்தக் குடியோடு உறவு, யார் எங்கிருந்து வந்தவர் என்னும் இனவரலாற்றுக் கேள்விகளில் இருந்தது. லேமனும் கட்புஷும் அவ்வாண்டே எழுதிய மற்றொரு கட்டுரையின் தலைப்பு, தென்னிந்தியச் சமூகங்களை இப்பண்பையும் இரத்த வகைகளையும் கொண்டு பிரிப்பதைப் பற்றியது. அவர்களைக் குறை கூறுவது முறையன்று. அன்று இந்நோய்க்குக் கொடுக்கத்தக்க மருந்து எதுவும் கையில் இல்லை. ஆனால் குழந்தைப் பருவத்தில் பென்சிலின் கொடுத்தால் கிருமித் தொற்றால் நேரும் சாவைத் தடுக்கலாம் என்று 1986-இலும், ஹைட்ராக்சியூரியா என்னும் மருந்து வலித் தாக்குதல்களைக் குறைக்கிறது என்று 1995-இலும் சோதனைகளால் நிறுவப்பட்டபின், அந்தச் சமாதானம் செல்லாது. இரத்தம் கொடுத்தவரின் வீட்டுக்கு மருந்து போய்ச் சேர்வதற்கு, இரத்தத்தைப் பற்றிய கட்டுரை இலண்டன் போய்ச் சேர்ந்ததைவிடப் பல மடங்கு காலம் பிடித்தது என்றே சொல்லவேண்டும்.

மலையில் சோகை என்றாலே இரும்புச் சத்து மாத்திரை என்னும் பழக்கம் இன்னொரு தடை. அட்டப்பாடியில் ஊட்டக் குறைவால் வரும் சோகையும் மிகுதி என்பது மெய்யே; 2013-இல் அங்கே நேர்ந்த குழந்தைச் சாவுகள் நாடெங்கும் பேசப்பட்டதை நேயர்கள் நினைவுகூர்வர். இரும்பு குறைந்தால் மைட்டோகாண்டிரியாவில் ஹீமின் கடைசிப் படி நின்றுபோகும். அதற்கு இரும்பு கொடுத்தால் தீரும். அரிவாள் அணுச் சோகையிலோ ஹீமில் குறையில்லை, பிழை புரதச் சங்கிலியில். அடிக்கடி இரத்தம் ஏற்றப்பட்ட நோயாளிக்கு உடலில் இரும்பு தேங்கிக் கேடு செய்வதும் உண்டு. இரண்டு சோகையும் ஒரே குழந்தையிடம் இருக்கவும் கூடும். வெளுத்த முகத்தைப் பார்த்து எது எதுவென்று சொல்ல இயலாது. இரத்தத்தைச் சோதித்தே சொல்லவேண்டும்.

2023-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள், மத்தியப் பிரதேசத்து ஷாடோலில், அரிவாள் அணுச் சோகை ஒழிப்புக்கான தேசிய இயக்கம் தொடங்கப்பட்டது. 17 மாநிலங்களில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதிப்பதும், 2047-க்குள் நோயை ஒழிப்பதும் அதன் இலக்கு. கேரளமும் தமிழ்நாடும் அப்பதினேழில் அடங்கும். சோதிக்கப்பட்டவருக்கு அவருடைய நிலையைக் குறிக்கும் அட்டை ஒன்று தரப்படுகிறது. அட்டையின் பயன் பெரிதும் திருமணத்தின்போது. பண்பு சுமப்பவர் இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. பண்பை மட்டும் சுமக்க நான்கில் இரண்டு பங்கு. முற்றும் நலமாயிருக்க நான்கில் ஒரு பங்கு. பண்பு சுமப்பவர் நோயாளி அல்லர். அவரை மணந்துகொள்ள அஞ்ச வேண்டியதில்லை, மற்றவர் பண்பு சுமக்காதவராயின். இவ்வட்டையைப் பெண் பார்க்க வந்த இடத்தில் பழி சொல்லும் கருவியாக யாரேனும் பயன்படுத்தினால் அதைவிடத் தீமை வேறில்லை. சிறு ஊர்களில் மறைவு என்பது அரிது என்பதால் இதைச் சொல்ல நேர்கிறது.

மருந்தின் கதையிலும் உயிரணுவின் நுண்தொழிலே மறுபடியும் தலைகாட்டுகிறது. கருவில் இருக்கும் குழந்தைக்குப் பீட்டாச் சங்கிலி மிகக் குறைவு. காமா என்னும் வேறு சங்கிலியே பெரும்பாலும் இருக்கிறது. பிறந்த சில மாதங்களில் உட்கரு காமாவின் ஓலையை மூடிவிட்டுப் பீட்டாவின் ஓலையைத் திறக்கிறது. ஆதலால் நோயுடைய குழந்தையும் பிறந்தபோது நலமாகவே தோன்றும். இதனை ஜேனட் வாட்சன் என்னும் அம்மையார் 1948-இலேயே கவனித்திருந்தார். காமாச் சங்கிலி இழை பின்னுவதைத் தடுக்க வல்லது. ஹைட்ராக்சியூரியா உண்பவருக்குக் காமா ஓரளவு திரும்பவும் உண்டாகிறது. இந்தியாவிலும் கிழக்கு அரேபியாவிலும் காணப்படும் வகையில் இயல்பாகவே காமா சற்று மிகுதி. 1986-இல் ஒடிசா நோயாளிகளை ஜமைக்கா நோயாளிகளோடு ஒப்பிட்டபோது இது தெரியவந்தது. இதனால் இந்திய நோய் மென்மையானது என்று சிலர் கூறத் தலைப்பட்டனர். நாகபுரிப் பக்கத்து மருத்துவர்கள் அதனை ஒப்பவில்லை. அங்கே கடுமையான நோய் காண்கிறார்கள். வலியால் துடிக்கும் குழந்தையின் தாயிடம் சராசரிக் கணக்கு பேசிப் பயனில்லை.

காமாவை மூடிவைக்கும் பூட்டையே ஓலையில் வெட்டிவிடும் மரபணுச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும், டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி வழங்கின. அமெரிக்காவில் அதற்கு இட்ட விலை ஒருவருக்கு 22 லட்சம் டாலர். அட்டப்பாடியில் அகளி வட்டாரத்துக் கோட்டத்தறையில் பழங்குடியினருக்கென அரசு மருத்துவமனை ஒன்று இயங்குகிறது. நோயுற்ற பழங்குடியினருக்குக் கேரள அரசு மாத உதவித்தொகையும் தருகிறது. இங்கே நம்பத்தக்கவை ஹைட்ராக்சியூரியா, ஃபோலிக் அமிலம், தடுப்பூசி, காய்ச்சல் கண்டவுடன் மருத்துவரிடம் செல்லுதல், நிறையத் தண்ணீர் குடித்தல், குளிரில் நனையாதிருத்தல் என்னும் எளிய காரியங்களே. மலையில் பிறந்த இளைஞர் கோவைக்கும் திருப்பூருக்கும் அதற்கு அப்பாலும் வேலைக்குச் செல்லும்போது அட்டையையும் உடன் கொண்டுசெல்வது நல்லது. சமவெளி மருத்துவர் மூட்டுவலியைக் கண்டு முதலில் நினைப்பது வாதத்தைத்தான். நாகபுரி, ராய்ப்பூர், சம்பல்பூர், சூரத் ஆகிய நகரங்களில் குடியிருக்கும் நேயர்களின் அண்டை வீட்டிலும் இந்நோய் இருக்கக்கூடும். அம்மாநிலங்களிலும் இச்சோதனை அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாகவே செய்யப்படுகிறது. விரல் நுனியிலிருந்து ஒரு துளி இரத்தம் போதும்.